இடுப்பில் ஏறிய கேமரா

“எலே, உன் மருமவன் கேமராவ வயித்துல கட்டிக்கிட்டுப் பின்பக்கமா ஓடுதானாம்லா? நீ பாத்துக்கிட்டு சும்மாவா இருக்க?”

அம்பாசமுத்திரத்திலிருந்து அக்கா. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போன் வரும். அன்றைக்கு புதன்கிழமை ராத்திரி பத்து மணி. பையன் ஹாலில் தரையில் பாய் போட்டுக் குப்புறப் படுத்திருந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. அத்தை (அதாவது என் மனைவி) வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அக்காவிடம் “ஒண்ணுமில்லக்கா, லேசா பிடிச்சிருக்கு” என்று சமாளித்தேன். லேசாக இல்லை. டாக்டர் மூன்று வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

நடந்தது இதுதான். அக்கா பையன் முலுண்டில் எங்களோடு தங்கி, விளம்பரப் படங்களிலும் கல்யாணங்களிலும் கேமரா அசிஸ்டெண்டாக வேலை செய்கிறான். நவி மும்பையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்தை முன்னால் நின்று, பின்பக்கமாக நடந்தபடியே எடுக்கவேண்டும். வாடகைக்கு வந்தது ஸ்டெடிகேம் போலவே ஒரு காப்பி சாமான். அதைத் தாங்கி வைக்கும் ஸ்டாண்ட் கூட வரவில்லை. இவன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தரையில் கிடந்த கேமராவைக் குனிந்து, ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டியிருக்கிறான். இருபது நிமிடம் பின்னால் நடந்திருக்கிறான். அப்புறம் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

நான் பாலம் டிசைன் செய்கிற ஆள். சினிமா பற்றிச் சொல்ல எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. ஆனால் ஒரு சுமை எங்கே ஏறி எந்த வழியாக எங்கே இறங்குகிறது என்று பார்ப்பது என் தொழில். பையன் படுத்திருந்த மூன்று வாரத்தில், இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது, யார் கண்டுபிடித்தது, ஏன் இப்படி மனுஷன் இடுப்பில் தொங்குகிறது என்று கிளற ஆரம்பித்தேன். சுவாரசியமான கதையாக இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டெடிகேம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு நாலு வரி. கேமராமேன் நடப்பார், ஓடுவார், படியேறுவார், படம் மட்டும் ஆடாமல் தண்ணீரில் மிதக்கிற மாதிரி போகும். அதற்காக உடம்பில் மாட்டிக்கொள்ளும் அமைப்பு அது. மூன்று பாகம். உடம்பில் ஒரு ஜாக்கெட். ஜாக்கெட்டிலிருந்து நீளும், ஸ்பிரிங் வைத்த ஒரு கை. கையின் நுனியில் தொங்கும் ஒரு கம்பம், அதன் மேலே கேமரா, கீழே பேட்டரியும் மானிட்டரும். இந்தக் கம்பம் மொத்தத்துக்கும் தொழிலில் ஸ்லெட் என்று பெயர்.

இது வருவதற்கு முன்னால் நடக்கிற ஆளோடு கேமராவை நகர்த்த முக்கியமாக இரண்டு வழி இருந்தது. ஒன்று, தண்டவாளம் போட்டு டிராலியில் வைத்துத் தள்ளுவது. இல்லையென்றால் தோளில் வைத்துக்கொண்டு நடப்பது. தோளில் வைத்தால் ஆடும். நாம் நடக்கும்போதும் தலை ஆடத்தான் செய்கிறது, ஆனால் உலகம் ஆடுவது போல் தெரிவதில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை அளந்து சொல்ல, கண் எதிர்ப்பக்கம் திரும்பி அதைச் சரிசெய்துவிடுகிறது. கேமராவுக்கு அந்தக் காது கிடையாது.

காரெட் பிரவுன் என்ற அமெரிக்கர் 1970-களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் நாட்டுப்புறப் பாடகர். சினிமாவை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஊர் நூலகத்தில் இருந்த சினிமாப் புத்தகங்களைப் படித்துத் தானே கற்றுக்கொண்டவர். அவரிடம் ஒரு பழைய டிராலி இருந்தது. அதன் எடை 800 பவுண்டு, நம் கணக்கில் 360 கிலோவுக்கு மேல். அதன்மேல் உட்கார்ந்த கேமராவோ சில கிலோ. சில கிலோவை ஆடாமல் நகர்த்த 360 கிலோவைத் தள்ளுவது அவருக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது. (எனக்கும் சில பாலங்களைப் பார்த்தால் இதே எரிச்சல் வரும்.)

அவர் முதலில் செய்தது ஒரு கம்பு. ஒரு முனையில் கேமரா, மறுமுனையில் எதிர் எடை, இரண்டும் சமமாகிற இடத்தில் பிடி. இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்க் கழைக்கூத்தாடிதான் ஞாபகம் வந்தான். கயிற்றில் நடக்கும்போது அவன் கையில் நீளமான மூங்கில் எதற்கு? எடை உடம்பிலிருந்து தள்ளித் தள்ளி இருந்தால் அந்த மொத்த அமைப்பு சட்டென்று திரும்பாது, சாயாது. திரும்ப நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்குள் கால் சமாளித்துவிடும். ஸ்டெடிகேமின் பாதி ரகசியம் இவ்வளவுதான். பேட்டரியைக் கேமராவோடு சேர்த்து ஒட்டி வைக்காமல் கம்பத்தின் அடிக்குத் தள்ளியது சும்மா இல்லை.

கம்பு வேலை செய்தது, படம் ஆடவில்லை. ஆனால் மொத்த எடையையும் கையால் பிடிக்கவேண்டும். எவ்வளவு நேரம் பிடிப்பது? பிரவுன் ஒரு மோட்டலில் அறை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தாராம். அங்கே பிறந்ததுதான் மீதிப் பாதி. வரைபட மேஜையில் பொருத்தும் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மூட்டு, ஸ்பிரிங், எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். அந்த விளக்கின் கையைப் பெரிதாக்கி, ஒரு முனையை மனிதன் உடம்பில் மாட்டினார். மறுமுனையில் கம்பம். கம்பத்தைப் பிடிக்கும் இடத்தில் எல்லாப் பக்கமும் சுழலும் கிம்பல். இப்போது கால் அதிர்ந்தால் ஸ்பிரிங் அதை விழுங்கிவிடும். உடம்பு திரும்பினால் கிம்பல் அதைக் கேமராவுக்குக் கடத்தாது. கைக்கு வேலை மெல்லத் தொட்டுத் திருப்புவது மட்டும்தான்.

எடை எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. கையிலிருந்து ஜாக்கெட்டுக்கும், ஜாக்கெட்டிலிருந்து இடுப்புக்கும் போனது.

இந்த இடத்தில் என் அம்மாவைச் சொல்லவேண்டும். தாமிரபரணியிலிருந்து ஒரு குடம் தலையில், ஒரு குடம் இடுப்பில் வைத்து வருவாள். கையில் தூக்கி வந்தால் பத்து அடி தாண்டாது. இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்தால் அரை மைல் வரும். மனித உடம்பில் சுமை ஏற்ற நல்ல இடம் இடுப்புக்கூடுதான், அங்கிருந்து நேராகக் காலுக்கு இறங்கிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடம் உடம்போடு ஒட்டி இருக்கும். அம்மா எதிர்ப்பக்கம் ஒரு சாய்வு சாய்வாள். ஸ்டெடிகேமில் குடம் ஒட்டி இல்லை, முன்னால் ஒரு கைக்கு அப்பால் தொங்குகிறது.

என்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 20 கிலோ ஸ்லெட், முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது என்று வையுங்கள். அதை முன்னால் கவிழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது முதுகுத் தசை. அது முதுகெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர்தான் பின்னால் இருக்கிறது. 20-ஐ 40-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 160 கிலோ. நிமிர்ந்து, சாயாமல் நின்றால் தசை இழுக்கவேண்டிய விசை கிட்டத்தட்ட அவ்வளவு. தோராயக் கணக்குதான். ஆனால் பையன் ஏன் பாயில் கிடந்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்லெட்டை 20 சென்டிமீட்டருக்கு இழுத்துக்கொண்டால் அது 80 ஆகிவிடுகிறது. கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் இன்னும் குறையும். அம்மாவுக்கு இது கணக்குப் போடாமலே தெரிந்திருக்கிறது.

கதைக்கு வருவோம். பிரவுன் தன் சாமானை வைத்து, எடுக்கவே முடியாது என்று தோன்றும் ஷாட்டுகளாகச் சேர்த்து ஒரு சின்னப் படம் தயாரித்தார். சாமானைக் காட்டாமல் படத்தை மட்டும் ஹாலிவுட்டில் போட்டுக் காட்டினார். சினிமா புராடக்ட்ஸ் என்ற கம்பெனியின் எட் டிஜூலியோ அதைத் தயாரிக்க முன்வந்தார். ‘பேரி லிண்டன்’ (1975) படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுக்க ஸ்டான்லி குப்ரிக்குக்குக் கேமராவை மாற்றியமைத்துக் கொடுத்தவரும் இதே டிஜூலியோதான். அந்தப் பழக்கத்தில் குப்ரிக்கும் 1974-இல் அந்தப் படத்தைப் பார்த்தார். டெலக்ஸ் அடித்தார். பிரமாதம், நானும் ஒரு வாடிக்கையாளர் என்று எழுதிவிட்டு, கூடவே ஒரு எச்சரிக்கை: படத்தில் இரண்டு இடத்தில் தரையில் நிழல் விழுகிறது, விவரம் தெரிந்தவன் அதைப் பார்த்தே ஒரு ஆள் கம்பைப் பிடித்துக்கொண்டு போகிறான் என்று கண்டுபிடித்துவிடுவான், பேட்டன்ட் வாங்கும்வரை அதை வெட்டிவிடுங்கள். பிரவுன் 14 பிரேமை வெட்டினார். டெலக்ஸில் ஒரு கேள்வியும் இருந்தது. தரையிலிருந்து எவ்வளவு தாழ்வாக இதைக் கொண்டுபோக முடியும்? அந்தக் கேள்வி எதற்கு என்று சில வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த மாதிரிப் படத்தில் பிரவுனின் காதலி (பிறகு மனைவி) எலன் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் படிகளில் ஓடி ஏறி இறங்குகிற ஒரு ஷாட் இருந்தது. அதைப் பார்த்த ஜான் அவில்ட்சன் என்ற இயக்குநர், அந்தப் படி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். ‘ராக்கி’ படத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோன் ஓடி ஏறிக் கையைத் தூக்குவாரே, அதே 72 படி. படமெடுத்தவரும் பிரவுன்தான். ஸ்டலோன் வெறும் கையோடு ஏறினார் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

திரைக்கு முதலில் வந்தது 1976 அக்டோபரில் ‘மாரத்தான் மேன்’. ஆனால் ஸ்டெடிகேமால் முதலில் படமாக்கப்பட்டது ‘பவுண்ட் ஃபார் குளோரி’. பாடகர் வுடி கத்ரியின் வாழ்க்கைக் கதை, ஹால் ஆஷ்பி இயக்கியது. 1930-களில் பஞ்சம் பிழைக்கக் கலிபோர்னியாவுக்குப் போனவர்களின் முகாம். உயரமான கிரேனில் பிரவுன் ஸ்டெடிகேமை மாட்டிக்கொண்டு நிற்கிறார். கிரேன் மெல்ல இறங்குகிறது. தரை வந்ததும் வெட்டே இல்லாமல் இறங்கி, சுமார் 900 துணை நடிகர்கள் நிற்கும் கூட்டத்துக்குள் கதாநாயகன் டேவிட் கேரடைனின் பின்னால் நடந்து போகிறார். கண்டுபிடித்து வெளியே வந்த இந்தக் கேமரா முதன்முதலில் பார்த்தது, ஊரை விட்டுப் பிழைக்க வந்த கூட்டத்தை. மும்பையில் உட்கார்ந்து இதை எழுதுகிறவனுக்கு அது மனதில் பதியாமல் போகுமா? ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லருக்கு அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது.

எனக்கு அந்த ஷாட்டில் கிரேன்தான் முக்கியமாகப் பட்டது. கிரேனின் மறுமுனையில் இவருடைய எடைக்கும் சாமானின் எடைக்கும் சரியாக எதிர் எடை வைத்திருப்பார்கள். இவர் திடீரென்று இறங்கினால் என்ன ஆகும்? ஏற்றப்பலகையில் ஒரு பக்கத்துப் பையன் குதித்து இறங்கினால் ஆவதுதான். அதனால் இறங்குவதற்கு முன்பே ஆட்கள் கிரேனை அழுத்திப் பிடித்துக்கொள்ளவேண்டும். திரையில் ஒரு மனிதன் மிதந்து போகிறான், திரைக்கு வெளியே பல பேர் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

1977 ஏப்ரலில் பேட்டன்ட் கிடைத்தது. 1978-இல் பிரவுனுக்கும், ஜான் ஜர்கன்ஸ் தலைமையிலான சினிமா புராடக்ட்ஸ் என்ஜினியர்களுக்கும் தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கர். பெயரை மட்டும் சொல்லாமல் என்ஜினியர்களையும் சேர்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

சாமான் தயார். ஆனால் உடம்பு தயாராக இன்னும் இரண்டு வருடம் ஆனது. அதைத் தயார் செய்தவர் குப்ரிக். ‘தி ஷைனிங்’ (1980) படத்துக்காக லண்டன் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் பெரிய ஓட்டல் செட். ஒரு சிறுவன் மூன்று சக்கர சைக்கிளில் தாழ்வாரம் தாழ்வாரமாகச் சுற்றுவான். கேமரா தரையை ஒட்டி அவன் பின்னாலேயே போகும். டெலக்ஸில் கேட்ட கேள்வி இதற்குத்தான்! பிரவுன் கேமராவைக் கம்பத்தின் கீழ் முனைக்குக் கொண்டுவந்தார். ஆனால் அந்த உயரத்தில் குனிந்துகொண்டு சைக்கிள் வேகத்தில் ஓடுவது நடக்காத காரியம். அதனால் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளினார்கள். இதைப் படித்தபோது பையனிடம் சொன்னேன்: “பாத்தியாலே, கண்டுபிடிச்சவனே முடியாதுன்னு நாற்காலியில உக்காந்திருக்கான்.”

குப்ரிக் ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பேர் போனவர். பிரவுனுக்கு அதுவே பயிற்சியானது. ஒரு கை கம்பத்தை மெல்லத் திருப்ப, இன்னொரு கை ஸ்பிரிங் கையைத் தாங்க என்று இரண்டு கைக்கும் வேலையைப் பிரித்துச் செய்யும் முறை அங்கேதான் மெருகேறியது. கடைசியில் வரும் பனி மூடிய புதர்ப் பாதையும் செட்தான், பனி என்று தெரிவது உப்பும் நுரைத்தூளும். சிறுவனின் கால் தடத்தைத் தன் காலால் கெடுக்காமல் அதன் மேலேயே நடக்க, பிரவுன் கட்டைக்கால் கட்டி, அதன் அடியில் அந்தச் சிறுவனின் ஷூக்களை ஆணியடித்து நடந்திருக்கிறார். இடுப்பில் அவ்வளவு எடை, காலில் கட்டை. இதை மட்டும் யாரும் வீட்டில் முயற்சி செய்யவேண்டாம்!

இவ்வளவு ஆனபின்தான், இந்தச் சாமானை விற்றால் போதாது, மாட்டிக்கொள்ளக் கற்றுக் கொடுக்கவும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெளிவானது. 1980-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ராக்போர்ட் என்ற ஊரில் பயிற்சிப் பட்டறை ஆரம்பித்தது. 1988-இல் ஆபரேட்டர்களுக்கென்று ஒரு சங்கம். 2009-இல் ஜெர்ரி ஹால்வேயும் லாரி ஹேபாலும் எழுதிய தடிமனான கையேடு. தடிமன் எதற்கு என்றால், பாதிக்கு மேல் உடம்பும் சமநிலையும் பற்றியது. நம் ஊர்களில் வாடகைக்கு எடுக்கும் பையன்களுக்கு இந்தப் பாதி கைக்கு வருவதே இல்லை. சாமான் மட்டும் வருகிறது.

நான்காவது வாரம் பையன் எழுந்து நடமாடினான். அவனுக்குத் தெரிந்த மூத்த ஆபரேட்டர் ஒருவர் கோரேகாவில் இருக்கிறார். மராத்திக்காரர், இருபது வருட அனுபவம், பையன் அவரைத் ‘தாதா’ என்பான். அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளாமல் இனி அதைத் தொடக்கூடாது என்று நான் மாமன் அதிகாரத்தைக் காட்டினேன். நானும் கூடவே போனேன்.

தாதா முதலில் கேமராவைத் தொடவே விடவில்லை. காலை அரை மணி நேரம் ஜாக்கெட்டை மட்டும் மாட்டி நடக்க வைத்தார். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே இறுக்கமாகப் பிடிக்கவேண்டும். தோள் பட்டைகளுக்கு அடியில் விரல் போகவேண்டும். தோள் அழுந்துகிறது என்றால் ஜாக்கெட் உயரம் தப்பு, எடை தப்பான வழியில் இறங்குகிறது என்று அர்த்தம். நெஞ்சுப் பட்டை மூச்சை அடைக்காமல், ஆனால் ஜாக்கெட் முறுக்கிக்கொள்ளாத அளவுக்கு. அப்புறம் அவசரத்துக்கு அவிழ்க்கும் பிடி எங்கே இருக்கிறது என்று காட்டி, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை அவிழ்க்கச் சொன்னார். விழும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது என்றார்.

அடுத்தது அந்த ஸ்டாண்ட். நவி மும்பையில் வராமல் போன ஸ்டாண்ட். ஸ்லெட் அதில் இடுப்பு, மார்பு உயரத்தில் தொங்குகிறது. ஆபரேட்டர் ஸ்பிரிங் கையை ஜாக்கெட்டில் பொருத்திக்கொண்டு ஸ்டாண்டுக்கு மிக அருகில் நடந்து போகிறார். முழங்காலை மடக்கி, கையின் நுனியைக் கிம்பலுக்கு அடியில் நுழைக்கிறார். முதுகு நேராக இருக்க, காலை மட்டும் நிமிர்த்துகிறார். ஸ்லெட் ஸ்டாண்டிலிருந்து தானாக எழும்பி விடுகிறது. குனிவது என்ற பேச்சே இல்லை. கழற்றும்போது இதையே திருப்பிச் செய்வது.

பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. இது நம்ம ஊர்ச் சுமைதாங்கி! திருநெல்வேலிப் பக்கம் பழைய சாலைகளில் இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவன் துணைக்கு ஆள் இல்லாமல், குனியாமல், சுமையை அதன் மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறலாம். போகும்போது அதேபோல் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சுமையைத் தரையில் இறக்கினால் மறுபடி ஏற்றுவதில்தான் முதுகு போகும் என்று தெரிந்தவர்கள் போட்ட கல். தாதாவிடம் என் அரைகுறை இந்தியில் இதைச் சொன்னேன். அவர் பையனைப் பார்த்து, உன் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையே என்று சிரித்தார்.

மாட்டுவதற்கு முன் சமநிலையும் ஸ்டாண்டிலேயே பார்த்துக்கொள்ளவேண்டும், உடம்பில் மாட்டிய பிறகு அல்ல. கம்பத்தைப் படுக்கையாகப் பிடித்து விட்டால் அது இரண்டு, மூன்று வினாடியில் நிதானமாகச் செங்குத்துக்கு வரவேண்டும். விருட்டென்று வந்தால் அடி கனம், நடக்கும்போது ஊசல் மாதிரி ஆடும். வரவே மாட்டேன் என்றால் மேல் கனம், எந்த நேரமும் கவிழும். ஸ்பிரிங்கை, கையை விட்டாலும் கேமரா ஏறவோ இறங்கவோ செய்யாத அளவுக்கு முறுக்கவேண்டும். ஜாக்கெட்டில் கை மாட்டும் இடத்தில் சாய்வைச் சரிசெய்ய இரண்டு திருகு இருக்கிறது. அது சரியாக இருந்தால் ஸ்லெட் உடம்பின் பக்கத்திலேயே சொன்னபடி நிற்கும். தப்பாக இருந்தால் விலகி ஓடும், ஆபரேட்டர் நாள் முழுக்க அதை இழுத்துக்கொண்டே இருப்பார். படத்தில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் முதுகில் தெரியும்.

அப்புறம் பின்னடை. பையனுக்கு அடிபட்ட இடம் இதுதான் என்பதால் தாதா இதில் ரொம்ப நேரம் செலவழித்தார். ஸ்டெடிகேமில் கண்ணைக் கேமராவில் வைத்துப் பார்க்க முடியாது, தொட்டால் ஆடும். அதனால்தான் பிரவுன் கீழே ஒரு மானிட்டரை வைத்தார். கண் எப்போதும் அந்த மானிட்டரில். அதாவது காலடியும் தெரியாது, முதுகுக்குப் பின்னாலும் தெரியாது. ஆகவே பின்னால் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அவருடைய ஒரு கை ஜாக்கெட்டின் பின்பக்கம், இடுப்பருகில். தள்ளவோ இழுக்கவோ அல்ல. படி வருகிறது, ஒயர் கிடக்கிறது, இடப்பக்கம் வா என்பதைத் தொட்டுச் சொல்ல. இரண்டு பேரும் முதலில் கேமரா இல்லாமல் அந்தப் பாதையை நடந்து பார்க்கவேண்டும். ஒத்திகைக்கெல்லாம் முழு எடையோடு நிற்கக்கூடாது. ‘ரெடி’ என்று யாராவது கத்தினால் உடனே மாட்டிக்கொள்ளாதே, லைட் ரெடியா, ஆர்ட்டிஸ்ட் ரெடியா என்று கேட்டபின் கடைசி ஆளாக மாட்டு, கட் சொன்னதும் முதல் ஆளாக ஸ்டாண்டுக்குப் போ. நகரும் வண்டியில் எடுக்கவேண்டுமென்றால் ஸ்பிரிங் கையை வண்டியில் பொருத்து, உன் உடம்பில் அல்ல.

பையன் கேட்டான்: “தாதா, முன்னாடி தொங்குறதுனாலதானே இவ்வளவு பிரச்சினை, பின்னாடி மாட்ட முடியாதா?” கேட்டது சரியான கேள்வி. கனடாக்காரர் வால்டர் கிளாசன் முதுகுப்பக்கத்தில் கை பொருத்தும் ஜாக்கெட்டைச் செய்தார். நெஞ்சு, வயிறு திறந்திருக்கும், எடை பின்னாலிருந்து சுற்றி வரும். விலை அதிகம். மும்பையில் வாடகைக்குத் தேடிப் பிடிக்கவேண்டும்.

அதே நேரத்தில், பழகிய உடம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2001 டிசம்பர் 23 அன்று ரஷ்யாவில் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் சொக்குரோவின் ‘ரஷ்யன் ஆர்க்’ படமானது. முழுப் படமும் ஒரே ஷாட், சுமார் ஒன்றரை மணி நேரம். ஜெர்மன்காரர் டில்மன் பியூட்னர் ஸ்டெடிகேமோடு அறை அறையாக நடந்தார். முதல் மூன்று முயற்சி பாதியில் நின்றது. நான்காவது நிற்கவில்லை. நடுவில் எங்கேயும் சுமைதாங்கி கிடையாது. ஆனால் அவர் அதற்கு முன் ‘ரன் லோலா ரன்’ (1998) போன்ற படங்களில் ஓடிப் பழகியவர். ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பழகியவர் அல்ல.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். உண்மைதான். 2013-இல் மோவி, 2014-இல் டிஜேஐ ரோனின் என்று மோட்டார் வைத்த கிம்பல்கள் வந்தன. ஆட்டத்தைச் சென்சார் அளந்து மோட்டார் சரிசெய்கிறது. கேமராவுக்குக் காது வந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் எடை? மறுபடியும் கைக்கே வந்துவிட்டது. பிரவுனின் முதல் கம்பு எங்கே நின்றதோ அங்கே. மணப்பெண் மேடைக்கு வர நாற்பது நிமிடம் ஆகும், அதுவரை இரண்டு கையிலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு பையன்கள் நிற்கிறார்கள். அதனால் கிம்பலையும் ஒரு ஜாக்கெட்டில், ஸ்பிரிங் கையில் தொங்கவிட ஆரம்பித்திருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி இடுப்புக்கே வருகிறது.

பையன் இப்போது மறுபடி வேலைக்குப் போகிறான். வாடகைக்கு எடுக்கும்போது ஸ்டாண்ட் இருக்கிறதா என்று கேட்கிறான். பின்னால் நிற்க ஒரு ஆளுக்குச் சம்பளம் தருவீர்களா என்றும் கேட்கிறான். அதைக் கேட்டு இரண்டு கல்யாணம் கைவிட்டுப் போனது. மூன்றாவது ஆள் ஒத்துக்கொண்டார். தாதாவின் மகன்தான் பின்னால் கை வைத்து நடந்தான்.

போன ஞாயிறு அக்கா போனில், “இப்பவும் பின்பக்கமாத்தான் நடக்கானா?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா. ஆனா பின்னாடி ஒரு பையன் பிடிச்சிக்கிட்டு வாரான்.”

“அவன் நல்லா சாப்பிடுத பையனா?” என்றாள். பாவம், அவளுக்கு அவளுடைய கணக்கு.